மூன்றாம் பேஸில் நின்றவர்கள்

ரூஃபஸின் முடிதிருத்தும் கடையில் ஜன்னலை ஒட்டிய நாற்காலி காலியாக இருந்தது. ஞானசிகாமணி தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். தனக்கு முன்னால் இரண்டு பேர் இருந்ததைப் பார்த்ததும் நிம்மதியாக இருந்தது. மூன்று பேர் என்றால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். வெட்டிக்கொள்ள அவர் தலையில் பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை, காதோரத்திலும் பிடரியிலும் வெள்ளையாக ஒரு வரப்பு, அவ்வளவுதான். ஆனால் மனிதர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதைக் கேட்டுக்கொண்டு யாரும் ஏன் என்று கேட்காமல் உட்கார்ந்திருக்க பால்டிமோர் நகரத்தில் அவருக்கு இருந்த இடம் இது ஒன்றுதான். சர்ச்சில் பேசுவார்கள், ஆனால் அவரைப் பார்த்து, குரலைத் தாழ்த்தி, நலம் விசாரித்துப் பேசுவார்கள்; அது வேறு. இங்கே கத்தரி சத்தத்துக்கு நடுவில், சுவரில் சத்தமில்லாமல் ஓடும் டி.வி.யைப் பார்த்தபடி, பேச்சு தானாக ஓடும். ரூஃபஸ் கனத்த ஆள், அறுபதைத் தாண்டியவர், பேசும்போது கத்தரியை நிறுத்திவிடுவார், அதனால் ஒரு தலைக்கு ஒரு யுகம் ஆகும். நாற்காலியில் வெள்ளைத் துணிக்குள் இருந்தவர் கிளாரன்ஸ், தபால் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர், பிலடெல்பியாக்காரர். சோபாவில் கைத்தடியோடு இருந்த கிழவர் ஐசாயா. தாடியை ஒதுக்கிக்கொள்ள என்று சொல்லிக்கொண்டு தினமும் வந்துவிடுவார். ஐசாயா என்ற பெயர் காதில் விழும்போதெல்லாம் ஞானசிகாமணிக்கு ஏசாயா என்றுதான் படும், பாளையங்கோட்டை ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்த தீர்க்கதரிசி ஏசாயா. பெயர் மட்டும் இல்லை, இவர்கள் பேசும் இங்கிலீஷே அவர் காதுக்குள் போய் எங்கோ ஒரு வளைவில் திரும்பி திருநெல்வேலித் தமிழாகத்தான் மனசில் இறங்கும். எப்போதிருந்து அப்படி என்று அவருக்குத் தெரியாது. மனைவி ஹெப்சிபா போன பிறகாக இருக்கலாம். வீட்டில் தமிழ் நின்றுபோனதும் அது வேறு வழியைக் கண்டுபிடித்து வந்துவிட்டது போல.

புற்று என்று வருகிற வியாழக்கிழமை அவருடைய குரல்வளையை எடுத்துவிடப்போகிறார்கள். இதைக் கடையில் யாரிடமும் சொல்லவில்லை, சொல்வதாகவும் இல்லை. கழுத்தில் ஒரு துளை இருக்கும், மூச்சு அதன் வழியாகப் போய்வரும், மூக்கும் வாயும் சும்மா முகத்தில் இருக்கும் என்று டாக்டரம்மா படம் போட்டுக் காட்டினாள். நல்லவள்தான், பொறுமையாகத்தான் சொன்னாள். எப்போதிலிருந்து குரல் கம்மிப்போயிற்று என்று அவள் கேட்டபோதுதான் அவர் முழித்தார். எப்போதிலிருந்து? காலையில் எழுந்தால் பேச ஆள் இல்லை. கடைக்குப் போனால் பில் போடும் மெஷின். பஸ்ஸில் ஏறினால் தலையை ஆட்டினால் போதும். தன் குரல் மாறிப்போனதே தெரியாமல் ஒரு மனுஷன் இருந்திருக்கிறான் என்றால், அது ஒரு மாதமா, ஒரு மழைக்காலமா, ஒரு முழு வருஷமா என்று எப்படிச் சொல்ல? சியாட்டிலில் இருக்கும் மகள் ஷாரோன்தான் போனில், "என்னப்பா, யாரோ மாதிரி பேசுறீங்க?" என்று முதலில் கேட்டவள். யாரோ மாதிரி. அந்த யாரோ இந்த வீட்டில் எத்தனை நாளாக இருந்தான்? ஷாரோன் ஆபரேஷனுக்கு முந்தின நாள் வந்துவிடுவாள், டிக்கெட் போட்டாயிற்று. அதற்குள் கம்ப்யூட்டரில் ஒரு ஏற்பாடு செய்து கொடுத்திருந்தாள். அது திரையில் ஒவ்வொரு வாக்கியமாகக் காட்டும், அவர் இங்கிலீஷில் படிக்க வேண்டும். ஏழு மஞ்சள் படகுகள் ஏரியில் மெதுவாகப் போயின. பக்கத்து வீட்டு நாய் வேலியைத் தாண்டிவிட்டது. தயவுசெய்து ஜன்னலைக் கொஞ்சம் திறக்கிறீர்களா. இப்படியே நூற்றுக்கணக்கில் படித்துக் கொடுத்துவிட்டால், பிறகு அவர் தட்டச்சு செய்வதை அது அவர் குரலிலேயே பேசுமாம். தினமும் காலையில் சமையலறை மேஜையில் உட்கார்ந்து மஞ்சள் படகுகளைப் பற்றி வெற்றுச் சுவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். இன்னும் பாதி பாக்கி. "தொண்டைய வீணாக்காதீங்கப்பா, அது முடியிற வரைக்கும் வேற எங்கயும் பேசாதீங்க," என்றிருந்தாள் மகள். வேறு எங்கே பேசப்போகிறார். நேற்று ஒரு வாக்கியத்துக்குப் பதிலாக, ஏனென்று தெரியவில்லை, "ஏட்டி ஹெப்சி" என்று சொன்னார். திரையில் சிவப்பு விளக்கு வந்தது. மறுபடியும் சொல்லவும் என்றது. சொன்னார். சிவப்பு. கொஞ்சம் நிறுத்தி, தெளிவாக, மாடிப்படிக்குக் கீழே நின்று கூப்பிடுவாரே அதே மாதிரி சொன்னார். சிவப்பு. மறுபடியும் சொல்லவும். மறுபடியும் சொல்லவும். கடைசியில் கம்ப்யூட்டர் பெட்டியை மூடிவிட்டு எழுந்துபோய் முகம் கழுவினார். அதற்குத் தமிழ் தெரியாது, அதன்மேல் குற்றம் இல்லை.

டி.வி.யில் பகல் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாம் பேஸில் நின்ற பையன் ஒருவன் தரையோடு வந்த பந்தைத் தடவி விட்டுவிட்டான். ரூஃபஸ் கத்தரியை நிறுத்திக்கொண்டு, "இத நம்ம ஊரு ப்ரூக்ஸ் ராபின்சன் தூங்கிக்கிட்டே பிடிச்சிருப்பாரு," என்றார். அவ்வளவுதான், ஆரம்பமாகிவிட்டது. வருஷம் முழுக்க நடக்கும் வழக்கு இது, எந்தக் காலத்திலும் தீர்ப்பு வந்ததில்லை: தொழில்முறை பேஸ்பாலில் இதுவரை மூன்றாம் பேஸில் நின்றவர்களில் யார் பெரியவன்? "எழுவதாம் வருசத்து உலகத் தொடர நான் டி.வி.ல பாத்தவன்," என்றார் ரூஃபஸ், "பந்து பேஸையும் தாண்டி வெளியே போவுது. பொறங்கையால பிடிச்சாரு பாரும், கோட்டுக்கு அந்தப் பக்கமிருந்து, உடம்பு ஒரு பக்கம் போவுது கை ஒரு பக்கம் போவுது, எறிஞ்சாரு, ஆளு அவுட்." கிளாரன்ஸ் துணிக்குள்ளிருந்து, "சும்மா கெடயும் வே," என்றார், "பந்து பிடிச்சா போதுமா, அடிக்க வேண்டாமா? எங்க மைக் ஷ்மிட் ஐந்நூத்தி நாப்பத்தெட்டு ஹோம் ரன். பிடிக்கவும் பிடிச்சான், அடிக்கவும் அடிச்சான். அவன விட்டா எவன் இருக்கான்?" ஞானசிகாமணி ஜன்னல் பக்கம் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். இந்த ஊருக்கு வந்த முதல் கோடையில் வாடகை அறையில் அவருக்கு இருந்த ஒரே துணை ரேடியோ. ஹெப்சிபா விசா கிடைக்காமல் பம்பாயில் இருந்தாள். சாயங்காலமானால் உள்ளூர் அணியான ஆரியோல்ஸின் ஆட்டத்தை வர்ணிக்கும் குரல், புரியாத விளையாட்டு, புரியாத இங்கிலீஷ், ஆனாலும் ஒரு மனுஷக் குரல் அறைக்குள் நடமாடிக்கொண்டிருந்தது. கேட்டுக் கேட்டுத்தான் புரிந்தது. மைதானத்துக்கு நாலு முனை. அடிக்கிறவன் ஒரு முனையில்; மைதானத்தைத் தாண்டி அடித்துவிட்டால் அது ஹோம் ரன். அவனுக்கு இடது கைப் பக்கத்து முனைதான் மூன்றாம் பேஸ், அதைக் காத்து நிற்பவன் மூன்றாம் பேஸ்காரன். வலக்கை ஆட்டக்காரன் முழு பலத்தோடு இழுத்து அடித்தால் பந்து நேரே அவன் மேல்தான் வரும், கொதிக்கக் கொதிக்க வரும். பிடித்து, அதே மூச்சில் மைதானத்தின் குறுக்கே முதல் பேஸுக்கு எறிய வேண்டும். யோசிக்க நேரமே கிடையாது. இது புரிந்த அன்று அவருக்கு அந்த இடத்தின்மேல் ஒரு பயமும் ஆசையும் வந்துவிட்டது. அவர் யோசிக்கிற ஆள். காலேஜ் கிரிக்கெட்டில் மட்டைக்காரனுக்குப் பக்கத்தில் குனிந்து நிற்கச் சொன்னார்கள்; பந்து வயிற்றுக்கு நேராக வந்தது; இது நமக்கான பந்துதானா என்று ஒரு கணம் யோசித்தார்; அந்த ஒரு கணத்தில் அது போய்விட்டது. அதன் பிறகு அவரை எல்லைக் கோட்டில்தான் நிறுத்தினார்கள். எல்லைக் கோட்டில் நல்ல காற்று, நிறைய நேரம், பந்து வருவதே அபூர்வம். அப்படியே வாழ்ந்துவிட்டதாக ஒரு நினைப்பு இப்போது நகர்ந்து வந்தது. அதை அவர் டி.வி. பக்கம் பார்த்து விலக்கினார்.

ஐசாயா கைத்தடியால் தரையை ஒரு தட்டுத் தட்டினார். அவர் பேசப்போகிறார் என்றால் அதுதான் அடையாளம். "ரெண்டு பேரும் டி.வி. வந்த பொறவு உள்ள கதையத்தான் சொல்லுதிய. எங்கய்யா இந்த ஊர்ல பியூகிள் ஃபீல்ட் மைதானத்துல ரே டாண்ட்ரிட்ஜ் ஆடுனத கண்ணால பாத்தவரு. கால் ரெண்டும் வளஞ்சிருக்கும், நடுவுல ரயிலே போயிரும், பந்து போவாதும்பாவ. வெள்ளக்காரன் சேக்காததால நம்மாளுவ வச்சிருந்த நீக்ரோ லீகுல ஆடுனாரு, மெக்சிகோவுல ஆடுனாரு, மினியாபொலிஸ்ல போயி சின்ன லீகுல சிறந்த ஆட்டக்காரன்னு பட்டமும் வாங்குனாரு. பெரிய லீகுக்கு மட்டும் ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, கூப்பிடல. அவருக்கு என்ன கணக்கு இருக்கு? நீரு எத வச்சு ஒப்பிடுவீரு?" ரூஃபஸ் சீப்பை உதறினார், கிளாரன்ஸ் டி.வி. பக்கம் பார்வையைத் திருப்பிக்கொண்டார். ஒவ்வொரு தடவையும் இந்த இடத்தில் இப்படித்தான் பேச்சு அறுந்துபோகும். அப்படி அறுவதுதான் ஞானசிகாமணிக்குப் பிடிக்காது. எத வச்சு ஒப்பிடுவீரு. அந்தக் காலத்துக் கையுறை உள்ளங்கை அளவுதான், மைதானத்தில் கல் கிடக்கும், இரவெல்லாம் ரயிலில் வந்து பகலில் ஆடுவார்கள். இந்தக் காலத்தில் தரை பாய் மாதிரி இருக்கிறது, பந்து எறிபவனோ துப்பாக்கி மாதிரி எறிகிறான். துறைமுகத்துச் சர்க்கரை ஆலையின் ஆய்வுக்கூடத்தில் இருந்தவரை அவர் வேலையே ஒப்பிடுவதுதான். பாகை விளக்குக்கு முன்னால் பிடித்து, இது அதைவிட வெளுப்பா, பழுப்பா என்று பார்ப்பது. ஆனால் அங்கே அளவு குப்பி ஒன்று இருந்தது, அது மாறாது. மனுஷர்களுக்கு அப்படி ஒரு குப்பியை எங்கே வைப்பது? கூட நின்றவர்களோடுதான் அளக்க வேண்டும், அந்த வருஷத்தில் அந்த வெயிலில் நின்றவர்களோடு. கூட நிற்கவே விடாதவனை? அவனை எப்படி அளக்க? கல்யாணத்தன்று எடுத்த ஒரு கேசட் வீட்டில் இருக்கிறது, அதில் அவர் வாக்குக் கொடுக்கும் குரல் இருக்கிறது, மரணம் நம்மைப் பிரிக்கும்வரை என்கிற குரல். அதைப் போட்டுப் பார்க்கத் தைரியம் வரவில்லை. அந்தக் குரலோடு இந்தக் குரலை எதை வைத்து ஒப்பிடுவது? குளிக்கும்போது துளைக்குள் தண்ணீர் போய்விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றாள் டாக்டரம்மா. தும்மல் கழுத்து வழியாக வருமாம். மாடிப்படியில் விழுந்து கிடந்தால் யாரைக் கூப்பிடுவது, எப்படிக் கூப்பிடுவது. கையைத் தட்டலாம், தரையைத் தட்டலாம், ஐசாயா மாதிரி ஒரு தடி வைத்துக்கொள்ளலாம். எடுத்த குரல்வளையை என்ன செய்வார்கள்? ஏதாவது ஒரு குப்பியில் போட்டு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவார்கள். யாரோ ஒருவன் அதை விளக்குக்கு முன்னால் பிடித்துப் பார்ப்பான். நிறம் பார்ப்பான். அதில் என்ன என்ன பேசியிருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. பெரிதாக ஒன்றும் பேசியிருக்கவில்லை என்பதுதான் விஷயம்.

வீட்டில் பேச்சு ஹெப்சிபாவுடையது. அவர் பங்கு "ம்" மட்டும். அந்த "ம்"மிலேயே சம்மதம், மறுப்பு, பசி, சந்தோஷம் எல்லாவற்றையும் அவள் பிரித்து எடுத்துக்கொள்வாள். கடைசியில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவளால் பேச முடியாமல் போயிற்று, மூச்சு இழுத்தது. முதல் தடவையாக அவரிடம் கேட்டாள்: "எதையாவது பேசிக்கிட்டே இருங்க. சத்தம் இல்லன்னா பயமா இருக்கு." எதைப் பேச? நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, மகளைப் பற்றி, வீட்டுக் குழாய் ஒழுகுவதைப் பற்றி, பக்கத்துத் தெருவில் மரம் வெட்டியதைப் பற்றி எல்லாம் சொல்லித் தீர்த்தார். ஒரு பகல்கூட ஓடவில்லை. அவள் கண் திறந்து பார்த்தாள், இன்னும் என்று. அப்போதுதான், வேறு வழியில்லாமல், ரூஃபஸ் கடை வழக்கை எடுத்தார். அவளுக்கு பேஸ்பால் பிடிக்காது, டி.வி.யில் வந்தால் எழுந்துபோய்விடுவாள். ஆனாலும் கேட்டாள். ப்ரூக்ஸைச் சொன்னார், ஷ்மிட்டைச் சொன்னார், தினமும் கோழி தின்றுவிட்டு ஆடவரும் வேட் போக்ஸைச் சொன்னார், தலையைத் தொட்டால் கோபம் வந்துவிடும் ஏட்ரியன் பெல்ட்ரேயைச் சொன்னார், அதற்கு அவள் சிரித்தது மூச்சில் ஒரு விக்கலாக வந்தது. சொல்லிக்கொண்டே போகும்போது இடையில் எடி மேத்யூஸ் வந்தார். வந்து, போய்விட்டார், ஒரே வரியில். அவள் விரலை உயர்த்தினாள். "ஆரு அது? அவர மட்டும் ஏன் சொல்லாம போறிய?" சொல்லாமல் போனதாக அவருக்கே தெரியவில்லை. எல்லோரும் அப்படித்தான் போவார்கள் என்றார். கூடவே ஹாங்க் ஆரன் ஆடினார், பக்கத்தில் அவ்வளவு பெரிய ஆள் நின்றால் இவர் யார் கண்ணில் படுவார்? அணி பாஸ்டனில் இருந்தது, மில்வாக்கிக்குப் போயிற்று, அட்லாண்டாவுக்குப் போயிற்று, மூன்று ஊரிலும் அந்த அணிக்கு ஆடியவர் இவர் ஒருவர்தான். ஹெப்சிபா கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் கிடந்தாள். பாளையங்கோட்டை, பம்பாய், பால்டிமோர் என்று அவள் எண்ணிக்கொண்டிருந்திருக்கலாம், எண்ணாமலும் இருந்திருக்கலாம். பிறகு, "அவரயே வச்சுக்கிடுங்க," என்றாள். "அவருதான் பெரிய ஆளு." அதோடு அந்த வழக்கு அவள் பக்கத்தில் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு சொன்னவையெல்லாம் மேத்யூஸ் கதைதான், அவள் கேட்கிறாளா என்று தெரியாத பொழுதிலும்.

"மிஸ்டர் ஜி, வாங்க சார்." ரூஃபஸ் துணியை உதறிக்கொண்டு நின்றார். கிளாரன்ஸ் வெட்டி முடித்து சோபாவில் ஐசாயாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டார், வீட்டுக்குப் போகிற எண்ணம் இல்லை. ஐசாயா தன் முறையை எப்போதும் போலக் கையசைத்து விட்டுக்கொடுத்தார். ஞானசிகாமணி நாற்காலியில் ஏறினார். கழுத்தைச் சுற்றித் துணி இறுகியபோது உடம்பு ஒரு தடவை விறைத்தது. கண்ணாடியில் தெரிந்த கிழவன் வாயைத் திறக்காமல் இவரைப் பார்த்தான். பின்னால் வழக்கு தொடர்ந்தது. கிளாரன்ஸ், நன்றாகப் பந்து பிடித்ததற்காக ஷ்மிட்டுக்குக் கிடைத்த தங்கக் கையுறை விருதுகளை அடுக்கினார், ரூஃபஸ் ப்ரூக்ஸுக்குப் பதினாறு என்றார். எங்கேயும் பேசாதீங்க என்றாள் மகள். பாதி பாக்கி இருக்கிறது, ஒவ்வொரு வார்த்தையும் அங்கே போக வேண்டியது. ஏழு மஞ்சள் படகுகள். இந்தக் கடையில் இத்தனை வருஷமாக உட்கார்ந்திருக்கிறார், ஒரு தடவைகூட இந்த வழக்கில் அவரை யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. இந்தியாக்காரருக்கு இதில் என்ன இருக்கிறது என்று நினைத்திருக்கலாம். அடுத்த மாதம் வந்து உட்கார்ந்தால் அப்போதும் சொல்லப்போவதில்லை. அப்போது தட்டிக் காட்ட வேண்டும், பெட்டி பேசும், அவர்கள் மரியாதையாகக் கேட்டுக்கொள்வார்கள். மரியாதையாக. "மேத்யூஸ்," என்றார் ஞானசிகாமணி.

ரூஃபஸ் கத்தரியை நிறுத்தினார். "என்ன சார்?" குரல் அவ்வளவு கம்மியாக இருந்தது. "சளியா?" என்று கேட்டார் ரூஃபஸ். "சளிதான்," என்றார் அவர், தொண்டையைச் செருமிக்கொண்டு. "எடி மேத்யூஸ். அவர்தான் பெரியவர்." கிளாரன்ஸ் முன்னால் சாய்ந்தார், "எந்த மேத்யூஸ்?" ஐசாயா சொன்னார், "மில்வாக்கிக்காரன். இடக்கையால அடிப்பான்." "ஆமா," என்றார் ஞானசிகாமணி, "ஐம்பத்து மூணில், இருபத்தோரு வயசில், அந்த லீகில் அவர்தான் அதிக ஹோம் ரன். மொத்தம் ஐந்நூத்திப் பன்னிரண்டு. அப்படிப்பட்டவரைப் பெருமைமிக்க ஆட்டக்காரர்களின் மண்டபத்தில் சேர்க்க, ஓட்டுப் போடுகிறவர்களுக்கு அஞ்சாவது தடவைதான் மனசு வந்தது." குரல் இடையிடையே காற்றாகிப் போயிற்று. போன இடத்தில் நிறுத்தி, எச்சில் விழுங்கி, விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். ரூஃபஸ் சொன்னார், "சார், அடிச்சாரு, சரி. கையி? ப்ரூக்ஸ் கையில பாதி உண்டா அவருக்கு?" "இல்லை," என்றார் ஞானசிகாமணி, "ஆரம்பத்தில் அவருக்குப் பிடிக்கவே தெரியாது. அவருக்கே அது தெரியும். தரையோடு அடிக்கச் சொல்லி, பிடித்துப் பிடித்துப் பழகினார். பிறவியிலேயே கை உள்ளவனுக்கு அந்த இடம் பயமில்லை. இவருக்குப் பயம் இருந்திருக்கும். இருந்தும் போய் நின்றார். வருஷக்கணக்காக நின்றார். அணி ஊர் விட்டு ஊர் போனபோதும் கூடவே போய் நின்றார். பக்கத்தில் ஆரன் இருந்ததால் நீங்கள் பார்க்கவில்லை." இவ்வளவு நீளமாக அவர் எப்போது பேசினார்? ஆஸ்பத்திரி நாற்காலிக்குப் பிறகு இல்லை. மூச்சு வாங்கியது. கண்ணாடிக்குள் இருந்த கிழவனுக்கு முகம் சிவந்திருந்தது. ரூஃபஸ் ஒரு கையில் சீப்பும் ஒரு கையில் கத்தரியுமாக அவருக்கு முன்னால் வந்து நின்றுவிட்டார். "தப்பு வே," என்றார்.

இங்கிலீஷில் மேன் என்றுதான் சொன்னார். இத்தனை வருஷமும் சார், சார், மிஸ்டர் ஜி. இது மேன். அது உள்ளே போய், திரும்பி, வே என்று இறங்கியது. "நிக்கதுக்கா விருது குடுப்பாவ? கரண்ட் கம்பமுந்தான் நிக்கி. நீரு சொல்லுதது நல்ல மனுசனப் பத்தி, நான் கேக்கது மூணாம் பேஸப் பத்தி." கிளாரன்ஸ் சிரித்தார். "அவரு சொல்லுததுலயும் விசயம் இருக்கு," என்று ஐசாயா தடியைத் தட்டினார், "ஆரன் பக்கத்துல நின்னா நானும் நீரும் கண்ணுல படுவோமா? ஏம்யா, இத ஆரு ஒமக்குச் சொல்லித் தந்தா?" ஞானசிகாமணி கண்ணாடி வழியாக ஐசாயாவைப் பார்த்தார். பிறகு, "என் மனைவி," என்றார். மூன்று பேரும் அவரைப் பார்த்தார்கள். இவருக்கு ஒரு மனைவி உண்டென்பதே அவர்களுக்குப் புதிது. ரூஃபஸ் தலையை ஆட்டி, கத்தரியை அவர் பிடரிக்குக் கொண்டுபோனார். "அப்போ ஒம்ம வீட்டம்மா சொல்லுததும் தப்பு வே." சொல்லுதது என்றார். சொன்னது என்று சொல்லவில்லை. இந்தக் கடையில் இருக்கும் ஒருத்தருக்கும் அவள் செத்துப்போனது தெரியாது. இங்கே அவள் இப்போது வீட்டில் இருக்கிறாள், அடுப்படியில் நின்றுகொண்டு தப்பான தீர்ப்பு ஒன்றை வைத்திருக்கிறாள், அதை மாற்றிக்கொள்ளவும் மாட்டாள். திருத்திச் சொல்ல வாயெடுத்தார். வரவில்லை. வராதது தொண்டையால் இல்லை. "அவளிடம் நீர் வாதாடி ஜெயிக்க முடியாது," என்றார். "எங்க வீட்டுலயும் அதே கததான்," என்றார் ரூஃபஸ், கத்தரி ஓட ஆரம்பித்தது. பிறகு சவரக் கத்தியை எடுத்துப் பிடரியில் சோப்பு தடவி, பக்கவாட்டில் கழுத்துக்கு வந்தபோது அவர் விரல் ஒரு இடத்தில் நின்றது. தடிப்பு அங்கேதான் இருந்தது. விரல் கொஞ்சம் தயங்கி, ஒன்றும் கேட்காமல், அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போயிற்று. ஞானசிகாமணி கண்ணை மூடிக்கொண்டார். யாராவது தொட்டு எவ்வளவு நாளாயிற்று என்று நினைத்தார். டாக்டரம்மா தொட்டாள், அது கையுறையோடு.

வெளியே வந்து, தெருவைக் கடந்து, எதிர்ப்புற பஸ் நிறுத்தத்தில் நின்றார். சாயங்கால வெயில் கடைக் கண்ணாடியில் விழுந்து, உள்ளே இருந்த மூன்று பேரும் மங்கலாகத் தெரிந்தார்கள். ஐசாயா இப்போது நாற்காலியில் இருந்தார். ரூஃபஸ் கத்தரியை வைத்துக்கொண்டு கையை வீசி என்னமோ சொன்னார். கிளாரன்ஸ் எழுந்து நின்று பதில் சொன்னார். வாய்கள் அசைந்தன, சத்தம் வரவில்லை. மேத்யூஸைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று தோன்றியது. ஐசாயா இடது கையால் மட்டை வீசிக் காட்டியது போல இருந்தது. தான் இல்லாமல் அது அங்கே நடந்துகொண்டிருக்கிறது. வியாழக்கிழமையும் நடக்கும். கழுத்து குளிர்ந்தது, சவரம் செய்த இடத்தில் காற்று நேராகப் பட்டது. தொண்டை எரிந்தது, நாளைக்குக் காலையில் குரல் எழும்புமோ என்னவோ. மகளிடம் என்ன சொல்வது? பேசிவிட்டேன் என்று சொல்லலாம். யாரிடம் என்று கேட்பாள். பஸ் வளைவில் திரும்பி வந்துகொண்டிருந்தது. இதில் ஏறினால் வீடு, சமையலறை மேஜை, மூடிவைத்த பெட்டி. அவர் சட்டைப்பைக்குள் கையை விட்டுப் பாஸைத் தேடினார்.

கடைக் கதவு திறந்தது. கிளாரன்ஸ் தலையை வெளியே நீட்டி, வாகனச் சத்தத்துக்கு மேலே கத்தினார். "மிஸ்டர் ஜி! ஒம்ம வீட்டம்மா எங்க ஷ்மிட்டப் பத்தி என்ன சொல்லுதாவ? கேட்டுட்டு வாரும்!"

பஸ் வந்து நின்று கதவைத் திறந்தது. டிரைவர் அவரைப் பார்த்தாள். ஹெப்சிபா ஷ்மிட்டைப் பற்றி ஒன்றும் சொன்னதில்லை, கேட்டுக்கொண்டாள், அவ்வளவுதான். கேட்க இனி வழியும் இல்லை. ஆனால் அவர் யோசிக்கவில்லை. பஸ்ஸின் முன்பக்கத்தைச் சுற்றி இரண்டு எட்டு வைத்துத் தெருவுக்குள் இறங்கி, வாயருகே கையைக் குவித்துக்கொண்டார். மாடிப்படிக்குக் கீழே நின்றுகூட அவ்வளவு உரக்க அவர் கூப்பிட்டதில்லை. குரல் பாதியில் உடைந்தது, உடைந்த பிறகும் விடாமல் சொல்லி முடித்தார்.

"ஷ்மிட்டுக்காகப் பேசத்தான் நீர் இருக்கிறீரே, அப்படிங்கறா!"